அந்தப் போன் யாருடைய கையில் இருக்கிறது? – மலையகத்தில் ஒரு எச்.ஐ.வி நிகழ்வு ஆய்வு

அந்தக் குறுந்தகவலில் நோயின் பெயர் இல்லை. மருந்தின் பெயரும் இல்லை. அடுத்த தவணை எந்தத் திகதி என்பது மட்டும் சிங்களத்தில் ஒரே வரியாக இருந்தது. அனுப்பிய சிகிச்சை நிலையத்தில் கேட்டால் இரகசியம் காத்துத்தான் அனுப்பினோம் என்பார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதிப்பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அது எந்த வழியாகக் கசிந்தது, அதற்குப் பிறகு என்ன மாற்றினோம் என்பதை மலையகத்தில் எச்.ஐ.வி உள்ளவர்களோடு எங்களைப் போல் வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருவது ஒரே குடும்பம் அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களின் அனுபவங்களைச் சேர்த்து ஒரு குடும்பமாக எழுதியிருக்கிறேன். தோட்டத்துக்கும் ஊருக்கும் சிகிச்சை நிலையத்துக்கும் பெயர் தரவில்லை. வயது, தொழில் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இலங்கையில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி தொற்று 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு மலை மாவட்டத்தில் சிகிச்சை பெறுகிறவர்கள் மிகச் சிலர்தான். மாவட்டம், வயது, வேலை, கணவன் எங்கே இருக்கிறான் என்ற நாலு விவரம் கிடைத்தால் ஊர்க்காரர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

குடும்பம்

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்கு மேல். கொழுந்து பறிக்கிறார். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து, கடைக்காரர் தந்த அறையில் இன்னும் சிலரோடு தங்கியிருந்தவர். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். சின்ன மகள் பகலில் பிள்ளைக் காம்பிராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், இருப்பாள்.

கணவருக்கு நாள்பட்ட இருமல் வந்தது. உடம்பும் மெலிந்தது. ஊருக்கு வந்து காட்டியபோது காசநோய் என்று தெரிந்தது. காசநோயாளர்களுக்கு எச்.ஐ.வி பரிசோதனையும் செய்வது இங்கே வழக்கம். அதில் தொற்று தெரிந்தது. மனைவிக்கும் சோதித்தார்கள், அவருக்கும் இருந்தது. மகளைச் சுமந்த காலத்தில் செய்த இரத்தப் பரிசோதனையில் அவருக்குத் தொற்று இருக்கவில்லை, பிறகுதான் வந்திருக்கிறது. பால் கொடுத்த காலத்தை நினைத்து மகளுக்கும் சோதித்தார்கள். அவளுக்குத் தொற்று இல்லை. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. கர்ப்பகாலப் பரிசோதனை தோட்டங்கள் வரை போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். நமது சுகாதாரச் சேவையின் இந்தப் பக்கம் உண்மையிலேயே நன்றாக நடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கணவருக்கு இரண்டு சிகிச்சையும் சேர்ந்து ஓடியது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், எச்.ஐ.விக்குக் கொடுக்கும் டொலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் அந்த மாதங்களில் டொலுடெக்ராவிரை நாளுக்கு இரண்டு வேளை எடுக்க வேண்டும். காசநோய் மாத்திரையைத் தோட்ட டிஸ்பென்சரியில் ஆள் பார்க்க விழுங்கினார். லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும். நெஞ்சு வியாதி, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறிக் கிளினிக் போவதற்கு அது போதிய விளக்கமாகவும் இருந்தது. ஆறு மாதம் அந்த விளக்கம் அவர்களைக் காப்பாற்றியது. ஆறு மாதம் முடிந்தது, அவர் குணமாகிக் கொழும்புக்குத் திரும்பிப் போனார். ஆனால் மனைவி தொடர்ந்து கிளினிக் போய்க்கொண்டிருந்தார். ஆம்பளைக்குச் சுகமாகிவிட்டதே, பிறகு இவள் எங்கே போகிறாள் என்ற கேள்வி அப்போதே தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆரம்பித்துவிட்டது.

என்ன நடந்தது

சிகிச்சையில் சேர்க்கும்போது ஒரு தொலைபேசி இலக்கம் கேட்பார்கள். அவரும் கொடுத்தார். அது அவருடைய சொந்தப் போன் அல்ல. கணவரின் பெயரில் எடுத்த சிம். கைபேசி வீட்டுக்குப் பொது, பெரும்பாலான நேரம் மகனிடம் இருக்கும். டியூஷன் வகுப்பின் வட்ஸ்அப் குழு, ஆசிரியர் அனுப்பும் குறிப்புகள், கணவர் பணம் போட்டேன் என்று சொல்வது எல்லாமே அந்த ஒரு போனில்தான். லயத்துக் காம்பிராவில் கதவுக்கே பூட்டு அபூர்வம். போனுக்குப் பூட்டுப் போட்டால் வீட்டில் உள்ளவர்கள் ஏன் என்று கேட்பார்கள்.

குறுந்தகவல் வந்தபோது போன் மகன் கையில் இருந்தது. சிங்களம் அவனுக்கு அரைகுறை. டவுனில் கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்யும் பெரியப்பா மகனிடம் காட்டினான். அவன் வாசித்துச் சொன்னதோடு நிற்கவில்லை, அனுப்பிய இலக்கத்தைத் தன் போனில் இருந்த ட்ரூகோலரில் போட்டுப் பார்த்தான். அந்தச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள் ஒரு இலக்கத்தைத் தங்கள் போனில் என்ன பெயரில் சேமித்திருக்கிறார்களோ அதுவும் மற்றவர்களுக்குத் தெரியவரலாம். எப்போதோ யாரோ ஒருவர் அந்த இலக்கத்தைச் சேமித்து வைத்த பெயர் திரையில் வந்தது: எஸ்.டி.டி கிளினிக். பால்வினை நோய்களுக்கான சிகிச்சை நிலையம் என்று அர்த்தம்.

அந்தப் பையனிடம் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சித்தியின் போனுக்கு இப்படியொரு இடத்திலிருந்து தகவல் வருகிறதே என்று வீட்டில் சொன்னான். அது அவன் அம்மாவின் காதுக்குப் போனது. அங்கிருந்து பீலியடிக்கு, அப்புறம் காலையில் வேலைக்குப் பேர் பதியும் மஸ்டருக்கு. கிளினிக் என்ற ஒரு சொல் மூன்று வாய் மாறுவதற்குள் எய்ட்ஸ் ஆகிவிட்டது. கொழும்பில் இருக்கும் கணவனைப் பற்றி ஒரு கதை, தனியாக இருக்கும் மனைவியைப் பற்றி வேறொரு கதை. இரண்டாவது கதைதான் வேகமாகப் பரவியது.

பிள்ளைக் காம்பிராவில் மகளை யாரும் நேரடியாக மறுக்கவில்லை. பிள்ளைக்குச் சளி இருக்கிற மாதிரி இருக்கு, ரெண்டு நாள் வீட்டிலேயே வச்சிருங்க என்றார்கள். ரெண்டு நாள் கழித்தும் அதையே சொன்னார்கள். பிள்ளையைப் பார்க்க வீட்டில் நின்றால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். பீலியில் அவர் குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். அவர் சிம்மைக் கழற்றி அடுப்பில் போட்டார். அடுத்த தவணைக்குப் போகவில்லை. கையிலிருந்த மருந்து தீர்ந்தது.

கிளினிக் தேடத் தொடங்கியது. தவணைக்கு வராதவரைத் தேடுவது அவர்கள் கடமை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், மருந்துக்கு எதிர்ப்பும் உருவாகலாம். ஆனால் தேடும் ஒவ்வொரு படியும் முந்தியதைவிட அதிகமாக வெளியே தெரியும். முதலில் அடுப்பில் போன அந்தச் சிம்மின் இலக்கத்துக்கு அழைப்பு. அடுத்தது கணவரின் கொழும்பு இலக்கம், அதை எடுத்தது அறைத்தோழர். கடிதம் எழுதலாமா என்று யோசித்தார்கள். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு முகவரி கிடையாது, கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய்ப் பலர் கைமாறித்தான் வீடு சேரும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதமே நாள் கடந்து கிடைத்த பிள்ளைகள் இங்கே உண்டு. கடைசியாக மிஞ்சியது ஆளை அனுப்புவது. அரசாங்க வாகனம் ஒன்று லயத்து வாசலில் வந்து நின்றால் யாரும் எதையும் விளக்க வேண்டியதே இல்லை. நல்லவேளை அந்தப் படி நடக்கவில்லை. காசநோய்க் காலத்தில் பழகியிருந்த ஒரு மிஸ்ஸியிடம் (தாதியிடம்) அந்தப் பெண் தானாகவே போனார். அங்கிருந்துதான் எங்களுக்கு அழைப்பு வந்தது.

எங்கே கசிந்தது

இதைப் பேசும்போதெல்லாம் குறுந்தகவலில் என்ன எழுதலாம், என்ன எழுதக் கூடாது என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. 2010இல் வெளியான கென்ய ஆய்வு ஒன்று இந்தத் துறையில் பலரும் எடுத்துச் சொல்வது. வாரம் ஒரு முறை சுகமா என்று மட்டும் கேட்டு ஒரு குறுந்தகவல் போகும். சுகம் அல்லது பிரச்சினை என்று 48 மணி நேரத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். 538 பேர் பங்கெடுத்தார்கள். குறுந்தகவல் கிடைத்தவர்களில் 57 சதவீதத்தினருக்கும் மற்றவர்களில் 48 சதவீதத்தினருக்கும் வைரஸ் கட்டுப்பட்டிருந்தது. போன் உதவும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சுகமா இந்த லயத்துக்கு வந்திருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். அனுப்பிய இலக்கமே ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

வெளிநாடுகளில் நடந்த பெரிய கசிவுகள் சிலவும் இப்படித்தான், உள்ளே எழுதியதைவிடச் சுற்றியிருந்தவற்றால் வந்தவை. 2015இல் லண்டனில் ஒரு கிளினிக் செய்திமடலை மின்னஞ்சலில் அனுப்பியபோது பெற்றவர்கள் எல்லோருடைய முகவரியும் ஒருவருக்கொருவர் தெரியும்படி போய்விட்டது. 2017இல் அமெரிக்காவில் ஒரு காப்புறுதி நிறுவனம் 12,000 பேருக்கு அனுப்பிய கடிதங்களில், உறையின் கண்ணாடித்தாள் வழியாக எச்.ஐ.வி மருந்து பற்றிய வரி தெரிந்தது. இன்னொரு வகையாக, 2019இல் சிங்கப்பூரில் எச்.ஐ.வி பதிவேட்டிலிருந்தே 14,200 பேரின் விவரம் வெளியே வந்தது, அதில் 8,800 பேர் வெளிநாட்டவர். மத்திய கிழக்குக்கோ வேறு எங்கோ வேலைக்குப் போக மருத்துவப் பரிசோதனைக்கு நிற்கும் நம் தோட்டத்துப் பெண்களை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கடைசி எண்ணை எழுதுகிறேன். அந்தப் பரிசோதனையில் தகுதியில்லை என்று வந்தால் காரணத்தை முதலில் அறிகிறவர் பல நேரம் ஏஜென்சிக்காரர்தான்.

நமது நிகழ்வில் கசிவுக்கு மொழியும் ஒரு வாசல். 1987இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. ஆனாலும் தகவல் சிங்களத்தில் வந்தது. தமிழில் குறுந்தகவல் அனுப்பினால் ஒன்றில் 70 எழுத்துக்குறிகள்தான் கொள்ளும், ஆங்கிலத்தில் 160. தமிழில் அதையும் புள்ளியும் விசிறியும் தின்றுவிடும். சில பழைய பட்டன் போன்களில் வெறும் கட்டங்களாகத் தெரியும். இப்படிக் காரணங்கள் சொல்லப்படுகின்றன, எல்லாம் உண்மைதான். ஆனால் தமிழில் வந்திருந்தால் மகன் அதைக் கடைக்குக் கொண்டு போயிருக்கவே மாட்டான். அம்மா அப்பாவுக்காகப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பது மலையகத்தில் தினமும் நடப்பது. அதை ஒரு வசதியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தாயின் உடம்பைப் பற்றிப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டி வருவது வசதி அல்ல, கொடுமை.

மாற்றியவை

மருந்தை மறுபடி தொடங்கிய அன்றைக்கே தொடர்புத் திட்டம் என்று ஒரு பக்கம் எழுதினோம். மருந்தின் அளவை எப்படிக் கோப்பில் எழுதுகிறார்களோ அதே கவனத்தோடு எழுதியது. போன் யாருடைய பெயரில், எந்த நேரம் யார் கையில், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது, தொடர்பே கிடைக்காவிட்டால் எதுவரை தேடலாம், எதற்கு மேல் தேடக் கூடாது. பதில்கள் எல்லாம் அவருடையவை.

அந்தப் பதில்களில் எங்களுக்குத் தெரியாத நிறைய இருந்தன. நினைவூட்டலுக்குச் சீட்டுக் கட்டும் நாள் என்று அனுப்பலாமே என்று ஒருவர் சொன்னார். அவர் உடனே மறுத்தார். லயத்தில் யார் எந்தச் சீட்டில் இருக்கிறார், எந்தத் திகதி என்று எல்லோருக்கும் தெரியும், இல்லாத சீட்டைச் சொன்னால் அன்றைக்கே மாட்டிக்கொள்வேன் என்றார். டவுனில் சட்டை தைக்கக் கொடுத்தது தைத்தாகிவிட்டது என்று வந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அவரே சொன்னார். அதைத்தான் வைத்துக்கொண்டோம். வேறு யாராவது எடுத்தால் ராங் நம்பர் என்று வைத்துவிடலாமா என்றோம். அடிக்கடி ராங் நம்பர் வந்தால், அதுவும் ஆம்பளைக் குரலில் வந்தால், புருஷன் ஊரில் இல்லாத பொம்பளைக்கு அது எய்ட்ஸைவிடப் பெரிய வம்பு என்றார். அதனால் பெண் குரல் மட்டும், தமிழில் மட்டும், அதுவும் கிளினிக்கின் நிலையான இலக்கத்திலிருந்து அல்லாமல் அதற்கென்று எடுத்த ஒரு சிம்மிலிருந்து. பெரும்பாலும் அந்த அழைப்பும் தேவைப்படுவதில்லை. குறித்த நாளில் அவர் போனை மலைக்குக் கொண்டுபோய், பகல் கொழுந்து எடை போட்ட பிறகு தானே அழைக்கிறார். மேட்டில் சிக்னலும் நன்றாக இருக்கும்.

வட்ஸ்அப்பில் உரையாடலைப் பூட்டி வைக்கும் வசதி 2023இல் வந்தது. நகரத்தில் தனக்கென்று போன் வைத்திருப்பவருக்கு நல்லதுதான். பொதுப் போனில் பூட்டிய உரையாடல் ஒன்று இருப்பதே கேள்வியைக் கிளப்பும். பயன்படுத்தவில்லை.

மருந்தை மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். மாதாமாதம் பஸ் ஏறும் பயணம் குறைந்தது, ஒரு நாள் பேரும் மிச்சம். குப்பி குலுங்கும் சத்தம் தடுப்புச் சுவருக்கு அப்பால் கேட்கும் என்பது அவருடைய பயம். மாத்திரையை வேறு டப்பாவுக்கு மாற்றினால் மலை ஈரத்தில் கெட்டுவிடும், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் உள்ள அதே குப்பியில்தான் இருக்க வேண்டும். அதனால் லேபிளை மட்டும் உரித்துவிட்டு மேலே சுத்தமான பஞ்சு வைத்தோம். ட்ரூகோலரில் கிளினிக் இலக்கத்தைத் தேடினால் வராதபடி நீக்கச் சொல்லி விண்ணப்பிக்க வழி இருக்கிறது, அதையும் செய்யச் சொன்னோம்.

மகன்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் கனமாக இருந்த பகுதி இதுதான். தாய் சொல்வதற்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் கடையில் நின்றபடி. வீட்டுக்கு வந்து அவன் எதுவும் கேட்கவில்லை. தன் கோப்பையைத் தனியாக வைத்தான். தங்கச்சியை அம்மாவின் பக்கத்தில் படுக்க விடாமல் தன்னோடு படுக்க வைத்தான். இரவில் போனில் தேடினான். அவனுக்குத் தமிழில் கிடைத்ததில் பாதி மண்டையோட்டுப் படம் போட்ட பழைய பிரசாரம், மீதி குணப்படுத்துகிறோம் என்ற மருந்து வியாபாரம். அம்மா கொஞ்ச நாளில் செத்துவிடுவார் என்று முடிவு செய்துகொண்டான். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றான்.

சொல்வதா வேண்டாமா என்ற கேள்வியை எங்களால் முடிவு செய்ய முடியாது, அது தாயின் உரிமை. அவர் சொல்லத் தீர்மானித்தார், கூட ஒருவர் இருக்க வேண்டும் என்றார். கிளினிக்கில் வேண்டாம், டவுனில் ஒரு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசினோம். தம்பி, ஒனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும் என்றுதான் தொடங்கினார்.

அவன் கேட்டது மூன்றே விஷயம். அம்மா செத்துப் போவாரா, தங்கச்சிக்கு வருமா, அப்பா கெட்டவரா. முதல் இரண்டுக்கும் தெளிவாகவே பதில் சொல்ல முடியும். நாளுக்கு ஒரு மாத்திரையைத் தவறாமல் எடுத்தால் மற்றவர்களைப் போலவே ஆயுள் இருக்கும். கோப்பையால், பீலித் தண்ணீரால், கொசுவால், கட்டிப் படுப்பதால் தொற்றாது. இரத்தத்தில் வைரஸ் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவின் வழியாகக்கூடத் தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத நூற்றுக்கணக்கான தம்பதிகளையும் இணையர்களையும் பின்தொடர்ந்து 2016இலும் 2019இலும் முடிவை வெளியிட்ட பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் கட்டுப்பட்டிருந்த இணையிடமிருந்து ஒரு தொற்றுகூட வரவில்லை. இதைப் பதினாறு வயதுப் பையனுக்குச் சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். அவன் ஏற்கெனவே அதைவிட மோசமானவற்றை வாசித்திருந்தான். மூன்றாவது கேள்விக்கு அம்மாதான் பதில் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அவன் படிப்பை விடவில்லை. வீட்டில் கோப்பை மறுபடி ஒன்றாகக் கலந்தது. பெரியப்பா மகனிடம் போய், அது அப்பாவின் காசநோய் விஷயமாக வந்தது என்று தானாகவே ஒரு கதையும் சொல்லியிருக்கிறான். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

தோட்டத்தில்

வதந்தி ஓடும் தோட்டத்தில் உடனே ஒரு எச்.ஐ.வி விழிப்புணர்வுக் கூட்டம் போடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. ஏன் இந்தத் தோட்டத்தில், ஏன் இப்போது என்று ஒவ்வொருவரும் யோசித்து ஒரே வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பலவற்றில் காசநோய், நீரிழிவு, இரத்த அழுத்தம், எச்.ஐ.வி எல்லாவற்றையும் சேர்த்துப் பேசினோம். அவருடைய தோட்டம் வரிசையில் நடுவில் எங்கோ வந்தது. பிள்ளைக் காம்பிராக்களில் வேலை செய்பவர்களுக்கு, எந்தப் பிள்ளைக்கும் இரத்தக் காயம் பட்டால் கையுறை போட்டுத் துடைப்பது எப்படி என்று தனியாகக் காட்டினோம். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முறை என்றால் யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. சில வாரங்களில் மகள் மறுபடி போகத் தொடங்கினாள். எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பீலியில் இன்னும் ஓரிருவர் ஒதுங்குகிறார்கள்.

மறைத்து வைப்பதால்தான் களங்கம் வளர்கிறது, வெளிப்படையாகப் பேசினால் தானாகக் குறையும் என்று சிலர் வாதிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வெளிப்படைக்கு விலை கொடுப்பது யார்? 2016இல் வடமேல் மாகாணத்தில் ஒரு சின்னப் பையனுக்கு எச்.ஐ.வி இருப்பதாக வெறும் வதந்திதான் கிளம்பியது. தொற்று இல்லை என்று பரிசோதனை காட்டிய பிறகும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அவனுக்குக் கதவு மூடப்பட்டது. விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. தொற்றே இல்லாத பிள்ளைக்கு இந்த நிலை என்றால், இருக்கிறவரைப் பார்த்து வெளியே வந்து பேசுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரைத் திருத்துவது நமது வேலை. அதற்காகக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் தன் பேரையும் பிள்ளையின் இடத்தையும் பணயம் வைக்கக் கூடாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட பாதுகாப்புத் தேவைப்படும் வகையில் வைக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கொமியூனிகேஷன் கடையில் ஒரு இலக்கத்தைத் தட்டிப் பார்த்த பையனையோ, பீலியடிப் பேச்சையோ அந்தச் சட்டம் பிடிக்காது. கிளினிக் என்ன அனுப்புகிறது, எந்த இலக்கத்திலிருந்து, எந்த மொழியில், யாருடைய சம்மதத்தோடு அனுப்புகிறது என்பதைத்தான் கேட்க முடியும். அதைக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.

இப்போது அந்தப் பெண்ணின் வைரஸ் அளவு கட்டுக்குள் இருக்கிறது. கணவர் கொழும்பில் மருந்து எடுக்கிறார், அறைத்தோழர்களுக்குத் தெரியாமல் குப்பியை எங்கே வைப்பது என்பது அவருக்கு இன்னும் பிரச்சினை. கிளினிக்கில் புதிதாகச் சேர்க்கும் படிவத்தில் தொலைபேசி இலக்கத்துக்கு நேராக இருந்த ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரண்டு கேள்வி சேர்க்கச் சொல்லியிருக்கிறோம்: இந்தப் போனை வேறு யார் பார்ப்பார்கள், எந்த மொழியில் பேச வேண்டும். படிவம் மாறும்வரை தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவர் அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கிறார்.